கொழும்புக்கு வடக்கு, யாழ்ப்பாணத்துக்குத் தெற்கு

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் வடக்கு. யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் தெற்கு. ஆனையிறவைத் தாண்டினால் காடு, காடு முடிந்தால் கொழும்பு என்று நினைத்து வளர்ந்தவர்களுக்கோ நாங்கள் எந்தத் திசையிலும் இல்லை. முள்ளிவாய்க்கால் என்ற பெயரை 2009க்குப் பிறகு உலகம் அறியும். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் போய் ஊரைச் சொன்னால், "அது எங்கால, முல்லைத்தீவிலையோ?" என்பார்கள். அடுத்த கேள்வி, "அங்க யானை வாறதோ?" நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டு எங்கள் ஊர். யானை வருவதென்றால் பாதி வழி நீந்தித்தான் வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீதியில் நின்று பார்த்தால் ஒரு சங்கதி தெரியும். வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வருகிற யாழ்ப்பாண பஸ்ஸில் இருக்க இடம் இருக்காது. ஆசிரியர்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், ஒன்றிரண்டு மருத்துவத் தாதிகள். முன் ஆசனங்களில் இறால் பொதி, மடியில் தேன் போத்தல். பரந்தன் தாண்டினால்தான் அவர்களுடைய முகம் இளகும் என்று நடத்துநர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். திங்கட்கிழமை முதலாம் பாடத்துக்கு அந்த பஸ் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அது எங்கள் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். கல்வித் திணைக்களத்தின் கணக்கில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் கஷ்டப் பிரதேசம். இங்கே சில வருஷம் சேவை செய்தால் பிறகு சொந்த இடத்துக்கு மாற்றம் கேட்கலாம். ஆகவே வருகிறவர் வந்த நாளிலிருந்தே போகிற நாளை எண்ணத் தொடங்கிவிடுவார். இதில் அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தங்க ஒழுங்கான வீடு இல்லாத இடத்துக்கு, சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற ரீச்சர் ஒருவரின் கஷ்டம் கஷ்டம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து "வன்னிப் பிள்ளையளுக்கு உவ்வளவுதான் ஏறும்" என்று அவர்கள் பஸ்ஸில் கதைத்துக்கொண்டு போவதை, பின் ஆசனத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு முன் அறையில் அப்படி ஒரு மாஸ்ரர் தங்கியிருந்தார். வலிகாமத்துக்காரர். அவரிடம் ஒரு றங்குப்பெட்டி இருந்தது. அதற்குள் சீனி, ஒடியல்மா, வேப்பம்பூ வடகம், ஒரு போத்தல் நிறைய மலேரியாக் குளிசை. பெட்டிக்குப் பூட்டு. திறப்பு பூணூல் போலத் தோளுக்குக் குறுக்கே ஒரு நூலில் தொங்கும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவைத்துத்தான் குடிப்பார். அம்மா வைக்கிற பாரைமீன் குழம்பை மட்டும் ஒரு பயமும் இல்லாமல் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிடுவார். எனக்குக் கேத்திரகணிதம் புரிந்ததற்கு அவர்தான் காரணம். மண்ணில் குச்சியால் கீறிக் காட்டுவார். சம்பளம் இல்லாமல் இராத்திரியில் ஊர்ப் பிள்ளைகள் ஆறேழு பேரை இருத்திப் படிப்பித்தார். அதே ஆள்தான் விறாந்தையில் இருந்து சொல்வார்: "உங்கட ஆக்களுக்கு நாளைக்கு எண்டொரு நாள் இருக்கிறது தெரியாது. இண்டைக்கு வலையில பட்டால் இண்டைக்கே முடிச்சிடுவினம்."

வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வரும். கடலில் எடுத்த தண்ணீரில் விளக்கெரியும். அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க வண்டில் கட்டிக்கொண்டு போகும். மாஸ்ரர் வரமாட்டார். "செட்டிச்சிக்குப் பொங்கலோ?" என்று கேட்டார் ஒருநாள். அவர் சொந்தமாகச் சொன்னதல்ல அது. கண்ணகி சமணச் செட்டிச்சி, சைவர்கள் கும்பிடும் தெய்வமல்ல என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் கண்டித்திருந்தார். அதன் பிறகு யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களுக்கு மாறிவிட்டன. வன்னியிலும் மட்டக்களப்பிலும் நாங்கள் மாறவில்லை. அம்மா மாஸ்ரருக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த மூன்று நாள் குழம்பில் மீன் துண்டு குறைந்திருந்தது.

இனி மற்றப் பக்கம். சோளகக் காற்று எழும்பினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும், எங்கள் கிழக்குக் கடல் படுத்திருக்கும். நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்து மீனவர்கள் அந்த மாதங்களில் எங்கள் கரைக்கு வந்து வாடி போடுவது பிரித்தானியர் காலத்திலேயே இருந்த வழக்கம். வாடைக்காற்று தொடங்கும்போது திரும்பிப் போய்விடுவார்கள். மாமா முல்லைத்தீவில் கரைவலைச் சம்மாட்டியாக இருந்தவர். அவரிடம் மீன் எடுக்க நீர்கொழும்பிலிருந்து ஒரு முதலாளி ஐஸ் லொறியோடு வருவார். வரும்போது கித்துள் கருப்பட்டியும் ரம்புட்டானும் கொண்டுவருவார், போகும்போது பனங்கட்டிக் குட்டானும் நல்லெண்ணெயும் இறால் கருவாடும் கொண்டுபோவார். அவருடைய தமிழ் ஒரு மாதிரி. "நாளைக்கு வாறது நான், அண்ணே" என்பார். ஆனால் அவருடைய தாய் வீட்டில் தமிழில்தான் செபம் சொல்வாவாம். நீர்கொழும்பு, சிலாபக் கரையின் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னர் தமிழ் பேசியவை. பள்ளிக்கூடமும் கோயிலும் சிங்களத்துக்கு மாற, வீடும் மாறிவிட்டது. முதலாளி தன்னைச் சிங்களவர் என்றுதான் சொல்வார். அதில் அவருக்கு ஒரு சிக்கலும் இருக்கவில்லை.

மாமாவின் வாடியில் கள்ளுப் போத்தலுக்கு முன்னால் இருந்து முதலாளி யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்வது: "யாப்பனயாக்கள் சல்லியப் புதைச்சு, மேல பாய் போட்டுப் படுக்கும்." மாமாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "உண்மைதான், உண்மைதான்" என்று தொடையில் அடிப்பார். மாஸ்ரர் முதலாளியைப் பற்றிச் சொல்வது: "மோட்டுச் சிங்களவன். சம்பளம் எடுத்தால் அண்டிரவே முடிஞ்சுது. நாளைக்கு எண்டொரு நாள் இருக்கிறது தெரியாது." எங்களைப் பற்றிச் சொன்ன அதே வசனம், ஒரு எழுத்துக்கூட மாறாமல். பன்னிரண்டு வயதில் எனக்கு அது விளங்கியது. யாழ்ப்பாணத்தில் அந்த வசனத்தை ஒரு பொது அச்சில் வார்த்து வைத்திருக்கிறார்கள் போல, தெற்கே யாரைக் கண்டாலும் எடுத்து அப்பிவிடலாம்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஐஸ் லொறி வரவில்லை. 1984 டிசம்பர் முதலாம் திகதி கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவர்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்துக்குள் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ்ச் சனங்களை இராணுவம் ஊரைவிட்டுத் துரத்தியது. அந்தச் சனம் உடுத்த உடுப்போடு முல்லைத்தீவுக்கு வந்தது. அதன் பின்னர் மாமாவின் வாடியில் சிங்களவரைப் பற்றிய பகிடிகள் நின்றுபோயின. வேறு கதைகள் தொடங்கின. அவற்றில் சிரிப்பு இருக்கவில்லை.

எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ஒருவரை ஒருவர் அறியாததால்தான் இந்த மாதிரிக் கதைகள் வருகின்றன, பழகினால் போய்விடும் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். மாமாவும் முதலாளியும் ஒரு கோப்பையில் குடித்தவர்கள், மாஸ்ரர் எங்கள் வீட்டுச் சோறு தின்றவர். பழக்கத்தில் குறை இல்லை. பங்கு போட ஒன்று வந்தால்தான் இந்தக் கதைகளுக்குப் பல் முளைக்கிறது. கரை, காணி, தண்ணீர், உத்தியோகம், கலியாணம். பங்கு ஒழுங்காகப் போகும்வரை அது பகிடி.

படிப்பும் அப்படி ஒரு பங்குதான். தரப்படுத்தல் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தவருக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறும். 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் அரசாங்கம் செய்த மாற்றங்கள் அவர்களுடைய பிள்ளைகளுக்கு அநியாயம் செய்தன என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. போராட்டத்துக்குக் காரணம் சொல்கிற எந்தப் புத்தகத்திலும் அது முதல் பக்கங்களில் வரும். ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டா வன்னிக்கு முதன்முதலாகத் திறந்த கதவு. எங்கள் பகுதி அப்போது வவுனியா மாவட்டத்தோடு இருந்தது. எங்களுடைய முதல் டொக்டர்மாரும் என்ஜினியர்மாரும் வந்தது அந்த வழியால்தான். இதைப் போராட்ட காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளே எங்கள் பள்ளிக்கூடங்களில் பெயரைப் பதிந்து, இங்கிருந்து ஏ.எல். எழுதி, எங்கள் கோட்டாவில் பல்கலைக்கழகம் போன கதைகளும் உண்டு. அந்த வருஷங்களில் மட்டும் அவர்கள் "நாங்கள் முல்லைத்தீவு" என்பார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கக் காலியானது. நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடம் இருக்கவில்லையாம். தென்மராட்சியில் அடங்காத சனம் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தது. நாங்கள் அப்போது முல்லைத்தீவு இராணுவ முகாமின் ஷெல்லுக்குப் பயந்து புதுக்குடியிருப்பில் ஒரு காணிக்குள் இருந்தோம். நான் சங்கக் கடையில், அதாவது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில், கிளாக்கர். நிவாரண அட்டை பதிகிற மேசை என்னுடையது. ஒருநாள் வரிசையில் மாஸ்ரர் நின்றார். சைக்கிளின் பின்னால் மனைவி, முன் பாரில் பேரப்பிள்ளை. றங்குப்பெட்டி இல்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தா, கிணற்றில் அள்ளின பச்சைத் தண்ணீர். மடமடவென்று குடித்தார். பிறகு அம்மா குசினிக்குள் வந்து என்னிடம் சொன்னது: "அண்டைக்குப் பூட்டி வச்சிருந்த மனிசன். இண்டைக்குப் பூட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. பாவம்." பாவம் என்று சொன்ன குரலில் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. அம்மாவை எனக்குத் தெரியும். அன்றைக்குக் குழம்பில் மீனுக்குக் குறைவில்லை.

அவர்கள் அடுத்த வருஷம் சித்திரை, வைகாசியில் சனத்தோடு சனமாகத் திரும்பிப் போனார்கள். எல்லோரும் போகவில்லை. தங்கிவிட்ட யாழ்ப்பாணத்தவர்கள் கடை போட்டார்கள், ரியூசன் நடத்தினார்கள், வெற்றுக் காணியில் வெங்காயம் நட்டுக் காட்டினார்கள். பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோலைத் துளியாய் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, ஜாம் போத்தலில் விளக்குச் செய்வது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்பது எல்லாம் அவர்கள் யாழ்ப்பாணத்தில் பழகி எங்களுக்கும் பழக்கிய வித்தைகள். "கெட்டிக்காரர்" என்று சனம் வியக்கும். அதே மூச்சில், "கவனம், கணக்குப் பாக்கிற ஆக்கள்" என்றும் சொல்லும்.

மலையகத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையை விட்டால் அது வடக்குத் தமிழர் வழக்கமாகச் சொல்கிற கதையாகிவிடும். 1958, 1977, 1981 கலவரங்களில் அடிபட்டு அவர்கள் வன்னிக்கு வந்தார்கள். 1948இன் சட்டத்தால் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டிருந்ததால், காணிக் கச்சேரியில் போய் நிற்கக்கூட அவர்களில் பலருக்கு வழியில்லை. கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களை எல்லைப்புறக் கிராமங்களில் குடியேற்றியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தர்மபுரம், விசுவமடுப் பக்கமும் நிறையப் பேர் வந்து கூலிக்கு நின்றார்கள். படித்த வாலிபர் திட்டத்தில் விசுவமடுவில் காணி எடுத்த சித்தப்பாவுக்கு மிளகாய்த் தோட்டம். 1970களில் சிறிமாவோ இறக்குமதியை நிறுத்தியபோது செத்தல் மிளகாய் பவுன் விலை விற்றதென்று சொல்வார்கள். அந்தக் காசில்தான் அவர் கல்வீடு கட்டினார். தோட்டத்தில் மிளகாய் பிடுங்க வருகிற பெண்கள் வரம்பில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். எங்களுக்குக் கோப்பையில் தேத்தண்ணி, அவர்களுக்குத் தகரப் பேணியில். பேணிகள் கொட்டிலின் வெளிப்புறத்தில் ஆணியில் தொங்கும். "கொழுந்து கிள்ளிப் பழகின கையல்லோ" என்று சித்தப்பா அவர்களைப் புகழ்வதுண்டு. சம்பளம் பேசும்போது "தோட்டக்காட்டுச் சனம்" என்பார். மாஸ்ரர் எங்களை எந்த உயரத்திலிருந்து பார்த்தாரோ, சித்தப்பா அவர்களை அதைவிட உயரத்தில் ஏறி நின்று பார்த்தார். கடைசிக் காலத்தில் இயக்கத்துக்குப் பிள்ளை கொடுத்த வீடுகளைக் கணக்கெடுத்தால், அந்தப் பேணியில் குடித்தவர்களின் வீடுகள் நிறையவே வரும். காணி உறுதி கேட்டு அவர்களில் பலர் இன்னும் கச்சேரிக்கு அலைகிறார்கள்.

இடையில் 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா புலிகளிலிருந்து பிரிந்தபோது, பொறுப்புகள் எல்லாம் வடக்கு ஆட்களுக்கே என்று அவர் சொன்ன குற்றச்சாட்டை வன்னியில் யாரும் உரத்துப் பேசவில்லை. மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்ற பழைய யாழ்ப்பாணக் கதையும், யாழ்ப்பாணத்தவன் பனங்கொட்டை சூப்பி என்ற மட்டக்களப்புக் கதையும் அந்த வாரங்களில் திரும்ப உலாவின.

2009 இறுதி யுத்தத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணம், மலையகம் என்று எல்லாச் சனமும் எங்கள் ஊர் மணலில் வந்து ஒடுங்கியது. பங்கர்களையும் ஊர் ஊராகத்தான் வெட்டினார்கள், மன்னார் ஆட்கள் ஒரு பக்கம், கிளிநொச்சி ஆட்கள் ஒரு பக்கம். கஞ்சி ஊற்றுகிற இடத்தில் நான் அகப்பையோடு நிற்கிறேன். அரிசி, தண்ணீர், உப்பு. வயதான ஒரு அம்மா பாத்திரத்தை நீட்டாமல் கேட்டா: "தம்பி, இது ஆர் காய்ச்சினது?" எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பதில் சொல்லாமல் அகப்பையை நீட்டினேன். பின்னால் நின்றவர்கள் தள்ள, வாங்கிக்கொண்டு போனா. அவவைத் திரும்ப நான் காணவில்லை.

செட்டிக்குளத்தில் எங்களை அடைத்த முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். கொழும்புத் தமிழ்ப் பெரியவர்கள் வன்னிச் சனத்தோடு ஒன்றாக இருந்தது அந்தத் தடவைதான். மூன்று லட்சத்துக்குக் கிட்டிய சனம். முதலில் வெளியே விட்டது யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பைச் சொந்த இடமாகக் காட்டியவர்களை. அப்போது பார்க்க வேண்டும், யார் யாருக்கெல்லாம் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா இருந்தா என்பதை! விலாசம் தேடி எடுக்க முடியாத எங்களைப் போன்றவர்கள் பின்னால் வந்தோம். கடைசியாக 2012 செப்டெம்பரில் முகாமை மூடியபோது மிஞ்சியிருந்த கேப்பாப்பிலவுச் சனத்தை, அவர்களுடைய ஊரை இராணுவம் பிடித்து வைத்திருந்ததால், சீனியாமோட்டையில் இறக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கேப்பாப்பிலவு நந்திக்கடலுக்கு அக்கரை.

ஊருக்குத் திரும்பி தகரக் கொட்டில் போட்ட கையோடு தெற்கிலிருந்து பஸ்கள் வரத் தொடங்கின. கூரையில் பெரிய சட்டிகள், விறகு, உள்ளே பைலா பாட்டு. புதுக்குடியிருப்பில் தலைவரின் நிலக்கீழ் வீடு (2013இல் அதை இராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது), வெற்றிச் சின்னம், எங்கள் கரையில் 2006 இறுதியில் தட்டி நின்ற ஜோர்தானியக் கப்பல் பரா 3. கப்பலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, தென்னைக்குக் கீழே சோறு தின்று, போவார்கள். காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஒரு பஸ்ஸிலிருந்து ஒரு கிழவியும் பேரனும் தண்ணீர் கேட்டு வந்தார்கள். மாத்தறைப் பக்கமாம். மாமாவின் வாடியில் பொறுக்கிய சிங்களத்தில் நான் கதைத்தேன். அந்த அம்மாவுக்கு மீன்காரச் சிங்களம் காதில் விழுந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டிலுக்குள் சுவரில் வற்றாப்பளை அம்மன் படம். எட்டிப் பார்த்தவ செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினா. "பத்தினி மெணியோ" என்றா. தெற்கில் எங்கள் கண்ணகை பத்தினித் தெய்வம். நவகமுவவில் பெரிய கோயில், ஊர்களில் கம்மடுவ என்று இரவிரவாகச் சடங்கு. அம்மை வந்தால் அங்கேயும் அவளுக்குத்தான் நேர்த்தி. அம்மா ஓடிப்போய் விபூதித் தட்டை எடுத்துவந்தா. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது பேரன், எங்கள் பழைய கிணற்றுக் கட்டில் இருந்த குண்டுத் துளைகளுக்குள் விரலை விட்டு விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். போகும்போது கிழவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டா, இந்த வீட்டிலும் கொட்டியா இருந்தார்களா என்று. நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்குத் தேவைப்படவும் இல்லை, புலியைக் குறிக்கிற அந்த ஒரு சிங்களச் சொல் இங்கே எல்லோருக்கும் தெரியும். அம்மா கையை எடுத்துவிட்டா.

புலிகள் புதைத்த தங்கம் இருக்கிறதென்று இன்றைக்கும் நீதிமன்ற அனுமதியோடு வந்து எங்கள் பக்கம் தோண்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தவன் சல்லியைப் புதைத்து அதன்மேல் படுப்பான் என்று முதலாளி சொன்ன கதை பெக்கோ இயந்திரத்தோடு எங்கள் காணிக்கு வந்துவிட்டது.

நாயாற்றுக்குத் தெற்கத்தைய மீனவர்களும் திரும்பி வந்தார்கள். ஆனால் பழைய முறையில் அல்ல. பருவத்துக்கு வந்து சம்மாட்டியிடம் சொல்லி வாடி போடுகிற வழக்கம் போய், அனுமதியும் பாதுகாப்பும் கொழும்பிலிருந்து கொண்டுவருகிற வழக்கம் வந்தது. ஒளி பாய்ச்சி மீன் பிடிப்பதை எதிர்த்து எங்கள் ஆட்கள் மறியல் செய்தார்கள். 2018 ஆகஸ்ட் ஓர் இரவில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்தன.

2022 மே 18 அன்று காலிமுகத்திடலில், கோட்டாகோகம போராட்டக் கூடாரங்களுக்கு நடுவில், முள்ளிவாய்க்கால் கஞ்சி ஊற்றினார்கள். சிங்களப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிற படத்தை தொலைபேசியில் பார்த்தேன். அகப்பை பிடித்த கைக்கு அது ஒரு மாதிரி இருந்தது, நல்ல மாதிரித்தான். ஊர்த் தேத்தண்ணிக் கடையில் அபிப்பிராயம் வேறு. "இப்பதானே அவைக்குப் பெற்றோல் வரிசை தெரியுது. நாங்கள் மண்ணெண்ணெயில ஓடேக்க உவை எங்க நிண்டவை?" என்றார் ஒருவர். அதையும் தவறென்று சொல்ல முடியவில்லை.

தமிழர்களுக்குள் அடிபடுவதற்கும் பங்கு குறைவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் கிணறுகள் உவர்க்கின்றன, சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் வேறு கலந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குழாயில் யாழ்ப்பாணம் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். கிளிநொச்சி விவசாயிகள் எழும்பிவிட்டார்கள். "மாரியில வான் பாய்ஞ்சு கடலுக்குப் போற தண்ணி, அதைக் குடிக்கத் தர மனமில்லை. காட்டுக் குணம்" என்று அந்தப் பக்கம். "உத்தியோகம் கொண்டுபோனாங்கள், கோட்டாவைக் கொண்டுபோனாங்கள், இனிக் குளத்தையும் கொண்டுபோகப் போறாங்கள்" என்று இந்தப் பக்கம். இரண்டாம் போகத்துக்கே தண்ணீர் காணாமல் வயலை வெறுமையாய் விடுகிறவனுக்கு, கடலுக்குப் போகிற தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். எனக்கு விவசாயிகள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது, நான் வன்னியான் என்பதால் இருக்கலாம். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். அதை எதிர்த்தவர்கள் மீனவர்கள்.

என்னுடைய மகளுக்கு மாத்தறையில், ருகுணு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தெற்கின் தெற்கு. சிங்களப் பிள்ளைகள் முல்லைத்தீவு என்றதும் கண்ணை அகல விரிப்பார்களாம், அடுத்தது யுத்தத்தைப் பற்றிக் கேட்பதா விடுவதா என்று தெரியாமல் இறால் விலையைக் கேட்பார்களாம். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். விடுதி அறையில் கூட இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, "ஓ முல்லைத்தீவோ, உங்களுக்குக் கட்-ஓஃப் குறைவல்லோ" என்றதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அறையில் மற்றவள் அட்டனிலிருந்து வந்தவள். மகளும் அவளும்தான் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு ஒரு கிழமை யாழ்ப்பாணத்தவளுக்கு டெங்கு வந்து, இவர்கள் இருவரும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் நின்று, மூன்று பேருக்கும் இப்போது ஒரே அரைத்த தூள் போத்தல். யாழ்ப்பாணத்துத் தூள்தான். அதில் விட்டுக்கொடுப்பு இல்லையாம்.

போன வைகாசிப் பொங்கலுக்கு அட்டன் பிள்ளையைக் கூட்டிவந்தாள். எண்பத்தைந்து தாண்டிய என் அம்மா திண்ணையில் இருந்தபடி விசாரணையைத் தொடங்கினா.

"எந்த ஊர் பிள்ளை?"

"அட்டன் பாட்டி."

"அது இருக்கிற ஊர். சொந்த இடம்?"

"அட்டன்தாங்க பாட்டி."

"அதுக்கு முந்தி?"

நான் இடையில் புக எழும்பினேன், மகள் கண்ணால் இருக்கச் சொன்னாள்.

"அதுக்கு முந்தி திருச்சிப் பக்கம்னு தாத்தா சொல்லுவாரு. நூத்தம்பது வருஷம் இருக்கும். ஒங்களுக்கு அதுக்கு முந்தி எங்க பாட்டி?"

அம்மாவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ர தேப்பன் பருத்தித்துறையில இருந்து தொழிலுக்கு வந்து இங்க நிண்டவர்" என்றா.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப நாங்களும் யாழ்ப்பாணத்தாரோ அப்பம்மா?"

"ஆரடி சொன்னது?" அம்மாவுக்கு உண்மையாகவே கோபம். "பருத்தித்துறை வேற, யாழ்ப்பாணம் வேற. கதையை விட்டிட்டு அந்தப் பிள்ளைக்கு மீனை எடுத்துப் போடு. பெரிய துண்டாப் பாத்து."